ஆயில்யத்துக்கு ஏன் 'டி' வந்தது?

சபாக்கிலும் கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களிலும் பிள்ளை பிறந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "என்ன எழுத்து வந்திருக்கு?" என்பது. பிறந்த நேரத்தைக் குருக்களிடம் சொன்னால் நட்சத்திரம், பாதம், அதற்குரிய முதலெழுத்து ஆகியவற்றைக் குறித்துத் தருவார். ஆயில்யம் என்றால் டி, டு, டே, டோ. சொல்லின் முதலில் டகரம் வராது என்பது தொல்காப்பிய விதி. ஆனாலும் வேத காலத்திலிருந்து வரும் முறை என்ற நம்பிக்கையில் பெற்றோர் அந்த எழுத்திலேயே பெயர் தேடி அலைகிறார்கள். வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது இது என்று தேடத் தொடங்கினால், கிடைப்பது வேறொன்று.

பெயர் சூட்டும் சடங்கை விரிவாகப் பேசும் பழைய நூல்கள் கிருஹ்ய சூத்திரங்கள். ஆசுவலாயனர் ஆண் பிள்ளையின் பெயர் இரட்டைப்படை அசைகளிலும், பெண் பிள்ளையின் பெயர் ஒற்றைப்படை அசைகளிலும் அமையச் சொல்கிறார். கோபிலர் நட்சத்திரத்தின் பெயரிலிருந்தோ தெய்வத்தின் பெயரிலிருந்தோ வணங்கும்போது சொல்லும் பெயரை அமைக்கச் சொல்கிறார். நட்சத்திரத்தின் பெயரையே பிறந்தவருக்கு இடுவதற்குப் பாணினி இலக்கணமே வகுத்திருக்கிறார். இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனின் பெயரில் இருப்பது பூச நட்சத்திரம். மணிமேகலையில் வரும் ஆதிரை பெயரிலேயே நட்சத்திரம். ரோகிணி, ரேவதி, சுவாதி என்று நாம் இன்றும் வைக்கும் பெயர்கள் அந்த வழியில் வந்தவை. ஆக, நட்சத்திரத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவு பழையதுதான். பாதத்துக்கு ஓர் எழுத்து என்ற அட்டவணை மட்டும் இந்த நூல்களில் இல்லை.

அட்டவணைக்கு அவகஹடச் சக்கரம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே அதன் பிறப்பு ரகசியம் இருக்கிறது. கார்த்திகையில் தொடங்கி எண்ணினால் அ, இ, உ, எ, ஒ. பிறகு வ, வி, வு, வெ, வொ. அடுத்துக் ககர வரிசை, ஹகர வரிசை, டகர வரிசை. ஐந்து வரிசைக்கு ஐந்து உயிர், 25 எழுத்து. ஏழு நட்சத்திரங்களுக்கு 28 பாதம் வேண்டும், மூன்று குறைகிறது. அதை நிரப்பத் திருவாதிரையில் கு என்ற எழுத்துக்குப் பின் வடமொழியின் க்ஹ, ங, ச்ஹ ஆகியவற்றைச் செருகியிருக்கிறார்கள். அபிஜித்தையும் சேர்த்து 28 நட்சத்திரங்கள். அவற்றை நான்கு கூறாக்கி ஒவ்வொரு கூறிலும் இதே வேலை, மொத்தம் 112. வடமொழியிலேயே ங, ண என்று தொடங்கும் பெயர் கிடையாது. பெயர் வைப்பதற்காக யோசித்த ஒருவர் அவற்றைச் சேர்த்திருப்பாரா? இது கட்டம் நிரப்பிய கணக்கு. பின்னர் அபிஜித் உதிர்ந்து 108 பாதமானபோது, திருவோணத்துக்குச் சில பஞ்சாங்கங்கள் ஜு, ஜே, ஜோ, க என்றும், வேறு சில கி, கு, கே, கோ என்றும் எழுதின. ஒட்டுப்போட்ட தடம் இன்னும் அழியவில்லை.

முன்னோர் ஒலியின் அதிர்வை அறிந்து வகுத்தது என்று சிலர் மறுப்பார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், தமிழின் தகரம் ஒன்றே வடமொழியில் நான்கு ஒலி. அவை சுவாதி, உத்திரட்டாதி, பூரட்டாதி, பூராடம் என நான்கு நட்சத்திரங்களுக்குப் பிரிந்து போகின்றன. மலேசியப் பிறப்புப் பத்திரத்தின் ரூமி எழுத்தில் டகரமும் தகரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆயில்யக் குழந்தைக்குத் தினேஷ் என்று வைத்து நிம்மதியடைபவர்கள், அட்டவணைப்படி அவனுக்குப் பூரட்டாதியின் எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நேரமும் அப்படித்தான். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இந்திய நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இடைவெளி இன்று இரண்டரை மணி. 1982 ஜனவரிக்கு முன் இரண்டு மணி. ஜப்பானியர் காலத்தில் நம் கடிகாரம் தோக்கியோவுடன் ஓடியது. இதைத் திருத்தாமல் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் பாதம் மாறக்கூடும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தமக்குள் வேறுபடுவது தனிச் சிக்கல்.

பிறகு இந்த அட்டவணை எதற்குப் பயன்பட்டது? ஜாதகம் இல்லாதவரின் பெயரைக் கொண்டு நட்சத்திரம் காண்பதற்கு. இதையே நாம நட்சத்திரம் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் நரபதிஜயசரியை போர்ப் பலன் பார்க்கப் பெயரின் எழுத்துகளையே நம்புகிறது. பெயரிலிருந்து நட்சத்திரத்துக்குப் போகும் வழியாகவே இது தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் முடிவு; நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில், நேரம் குறிக்காமல் பிறந்த முனியாண்டிக்கும் அஞ்சலைக்கும் கல்யாணப் பொருத்தம் பார்க்கக் கைகொடுத்தது இந்த வழிதான். அவர்களுக்குக் குலதெய்வமும் பாட்டன் பாட்டியும் பெயர் தந்தார்கள். முந்தைய பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பு என்றோ பிச்சை என்றோ வைத்துக் காப்பாற்றினார்கள். மரபு என்று எழுத்துக்காக வாதிடுபவர்கள் இந்த மரபுக்கும் இடம் தரவேண்டும்: பேரன் என்ற சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குபவன், பெயரன், என்பதிலிருந்து வந்தது.