தூரமும் ஓர் அளவைதான்



கொல்லிமலையில் எதிர்முகட்டு ஊரைக் காட்டி, "கூப்பிடு தூரம்தான்" என்றால் அது பொய்யன்று, குரல் எட்டும். ஆனால் இடையிலுள்ள பள்ளத்தாக்கை அச்சொல் மறைத்துவிடுகிறது. அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வரைபடத்தில் நேர்கோடு இழுத்து அளப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

பயணத் தொழுகையைச் சுருக்கும் 'கஸ்ர்' சட்டத்தில் நம் இமாம்கள் இதனை நுட்பமாக அணுகினர். ஹனஃபி மத்ஹபில் அதற்குரிய அளவு மூன்று நாள் பயணம். மலையில் மலைக்குரிய நடையே கணக்கு. ஓர் ஊருக்கு இரு வழிகள் இருந்தால், பயணி செல்லும் வழியின் தூரமே கொள்ளப்படும். பறவையின் வழியன்று, மனிதன் நடக்கும் வழியே அளவுகோல்.

"நாமக்கல் அருகில்", "சேலத்துக்குப் பக்கம்" என மனையும் விடுதியும் விற்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். அச்சொல்லை நம்பிக் குடியேறிய வீட்டில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், அவளை வளைவு வளைவாகத்தான் இறக்கியாக வேண்டும்.

பொருளின் குறையை மறைத்து விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள். அளவில் குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. படியிலும் தராசிலும் மட்டுமா அளவு உள்ளது? வழி கேட்பவருக்குச் சாலையின் தூரத்தையும், ஆகும் நேரத்தையும் சேர்த்தே சொல்வோம். அதுவும் அமானிதமே.