தூணும் தூண்டிலும்

சென்னையில் அசோக் நகருக்கு வழி கேட்டால் எவரும் முதலில் காட்டும் அடையாளம், நான்கு சிங்கங்களைத் தாங்கி நிற்கும் தூண். 1964ஆம் ஆண்டில் உருவான அக்குடியிருப்புக்குப் பெயர் தந்ததே அத்தூண்தான். பேருந்துகளும், 2015 முதல் மெட்ரோ இரயிலும் அவ்வழியே விரைகின்றன. அண்ணாந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் நானும் என் அக்காள் மகனும் அங்கே பேருந்துக்குக் காத்திருந்தோம். பதினொரு வயதுச் சிறுவன். கையில் புதிய தூண்டில். அடையாற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

"மாமா, நிஜமான அசோகத் தூணில் என்ன எழுதியிருக்கும்?" என்றான்.

டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூணைப் பற்றிச் சொன்னேன். முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அசோகர் வெளியிட்ட கட்டளை ஒன்று அதில் உண்டு. கொல்லலாகாத உயிர்களைப் பெயர் பெயராக அது அடுக்குகிறது; ஆமையும் சிலவகை மீன்களும் அப்பட்டியலில் உள்ளன. குறிப்பிட்ட பௌர்ணமி நாட்களிலும் நோன்பு நாட்களிலும் மீனைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது என்பதும் அக்கட்டளையே.

"மீனுக்குக்கூடவா ராஜா சட்டம் போட்டார்?" என்று வியந்தான். இன்றும் தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருப்பதை நினைவூட்டினேன்.

அசோக் நகருக்கு அண்மையில், ஜாபர்கான்பேட்டையை ஒட்டி ஓடுகிறது அடையாறு. சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் கடந்து, ஊரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு அது கடலைச் சேர்கிறது. சேருமிடத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம். அருகே வெள்ளத்தில் இடிந்து பாதியில் நிற்கும் பழைய பாலம். நீர் கறுத்திருந்தாலும் கடல் ஏறிவரும் வேளையில் மீனும் ஏறி வருகிறது. அதை நம்பி வலை வீசும் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

அரைமணி நேரத்தில் தூண்டில் நரம்பு இழுபட்டது. துள்ளிக் குதித்து இழுத்தான். வந்தது பேத்தை மீன். உண்ண உதவாத நச்சு மீன் அது. கரைக்கு வந்ததும் காற்றை விழுங்கிப் பந்துபோல் உப்பிற்று. பையன் கைகொட்டிச் சிரித்தான். பிறகு முள்ளைக் கழற்றப் பார்த்தான். முள் வாயில் இல்லை, தொண்டைக்குள் இறங்கியிருந்தது. நரம்பைப் பிடித்து வலிந்து இழுக்கத் தொடங்கினான். மீனின் வாயோரத்தில் குருதி கசிந்தது. அவன் சிரிப்பு நின்றது. நானும் செய்வதறியாது நின்றேன். என் சிறுவயதில் இப்படி இழுத்து இழுத்து மணலில் எறிந்த மீன்கள் எத்தனையோ!

வலையைப் பிரித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். "இழுக்காதே தம்பி. குடலும் சேர்ந்து வந்துடும். விழுங்கின முள்ளை விட்டுடு, நரம்பை வெட்டு" என்றார். மீனின் வாயருகே நரம்பை அறுத்தார். கையை நனைத்துக்கொண்டு மீனை நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருந்தார். காற்றோடு விட்டால் அது மிதந்து திணறுமாம். சிறிது நேரத்தில் உப்பல் அடங்கிற்று. மீன் வாலசைத்து இருளுக்குள் மறைந்தது.

அடுத்து வந்தது சின்னஞ்சிறு கெளிறு; முள் உதட்டில்தான் மாட்டியிருந்தது. இம்முறை முதியவர் தம் இடுப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். சைக்கிள் சக்கரக் கம்பியின் நுனியைச் சுருளாக வளைத்துச் செய்தது. இடக்கையால் நரம்பை விறைப்பாகப் பிடித்து, சுருளை நரம்பின்மேல் மாட்டி, முள்ளின் வளைவு வரை வழுக்கிச் செலுத்தினார். முள் ஏறிய வழியே பின்னோக்கி ஒரு தள்ளு, முள் கழன்றது. மீனை அவர் கை தொடவே இல்லை.

அந்த ஏழைக் கம்பியின் உடன்பிறப்புகள் இன்று பெருங்கடல்களில் பயணம் செய்கின்றன. நெடுந்தூண்டில் கப்பல்கள் அனைத்தும் நரம்பு வெட்டும் கருவியும் முள் கழற்றும் கருவியும் வைத்திருக்க வேண்டுமென இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் 2012ஆம் ஆண்டில் தீர்மானித்தது. அகப்படும் கடலாமைகளை உயிரோடு விடுவிப்பதற்காகவே அந்த ஏற்பாடு. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. நுனி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள்ளும் நல்லதொரு வழி. அது தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுகிறது.

விடுவித்த மீன் வீண்போவதில்லை. காவிரியில் கலிபோரே என்னுமிடத்தில் மகாசீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து, எடையைக் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவந்தனர். 1998 முதல் 2012 வரை எழுதிய அக்குறிப்புகளே, கூன்முதுகு மகாசீர் அருகி வருவதை ஆய்வாளர்க்குக் காட்டிக்கொடுத்தன. 2018இல் அம்மீன் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகள் தூண்டிலோடு புறப்பட்டால் தடுக்க வேண்டாம்; சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. உலர்ந்த கையால் மீனைத் தொட்டால் அதன் உடம்பைக் காக்கும் வழவழப்பு உரிந்துபோகும். விழுங்கிய முள்ளைப் பிடுங்காமல் நரம்பை வெட்டுவதே மேல். அறுத்த நரம்பைக் கரையில் போட்டு வராதீர்கள். பறவையின் காலை அது சுற்றிக்கொள்ளும். உண்பதற்கென்று பிடித்த மீனை வதைக்காமல் விரைவில் கொல்வதும் இரக்கமே.

இருட்டியபின் அசோக் நகர் திரும்பினோம். பையன் தூணை அண்ணாந்து பார்த்தான். அவன் சட்டைப் பையில் முதியவர் கொடுத்த கம்பி இருந்தது. உயிர்களிடம் இரக்கமாயிருங்கள் என்று பொதுவாகச் சொல்லி அசோகர் நின்றுவிடவில்லை. எந்த உயிர், எந்த நாள் என்று எழுதி வைத்தார். அன்று மாலை எங்கள் இருவர் நெஞ்சிலும் இரக்கம் இருந்தது. ஆயினும் மீன் செத்துக்கொண்டுதான் இருந்தது. பிழைக்க வைத்தது, செய்யும் முறை அறிந்த ஒரு கை.

"அடுத்த வாரம் முள்ளை நசுக்கி வைத்துவிடுவேன், மாமா" என்றான். நானும் குறடு தேடுவதாக ஒப்புக்கொண்டேன்.