வெண்மைக்கு ஒரு சாட்சி

பழைய பொருளொன்றை வாங்குவோர், அது இயங்குகிறது என்று கண்டதுமே நிறைவடைந்துவிடுவது வழக்கம். கணினித் திரைக்கு அது போதாது. இயங்குவது வேறு, உள்ளதை உள்ளவாறு காட்டுவது வேறு. கடலூர் மாவட்டத்து மங்களூரில் பங்குப் பணியாற்றும் நமக்கு இவ்வேறுபாடு அண்மையில்தான் நன்கு விளங்கிற்று.

பங்கு அலுவலகத்திற்கென ஒருவர் பயன்படுத்திக் கழித்த 17 அங்குலத் திரையை வாங்கினோம். அகலத்தில் 1280, உயரத்தில் 1024 என மொத்தம் 13,10,720 புள்ளிகள் கொண்டது அது. கணினியிலும் இதே அளவைத் தெரிவு செய்தாலொழிய எழுத்துக் கூர்மை பெறாது. வேறு அளவில் அனுப்பினால், திரை அதனைத் தன் புள்ளிகளுக்கேற்ப நீட்டிக் காட்டும். அப்போது முதலில் மங்குவன மெய்யெழுத்தின் புள்ளியும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடுமே.

இது சிறு குறையன்று. ஓலையில் புள்ளியிடாது எழுதிய வழக்கத்தால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றோடொன்று மயங்கிய காலம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அம்மயக்கம் நீங்க எழுத்து வடிவைத் திருத்தியவர், விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர். ஒரு சுழியில் பொருள் மாறும் என்று உணர்ந்தவர் உலவிய வட்டாரத்தில், எழுத்து மங்கினால் மங்கட்டும் என்று இருந்துவிடலாமா?

அடுத்தது ஒளி. இத்தகைய பழைய திரைகளின் பின்னே எரிபவை மெல்லிய குழல்விளக்குகள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒளி குன்றி மஞ்சள் பாரிக்கும். ஆகவே திரையை அரைமணி நேரம் எரியவிட்ட பின்னரே அளவுகளைத் தொட வேண்டும். விண்டோஸ் 7 முதற்கொண்டு கணினியிலேயே இதற்கென இரு படங்கள் உண்டு. ஒன்றில், மனிதரின் சட்டையும் கரிய மேலங்கியும் ஒன்றோடொன்று கலந்துவிடாதவாறு பிரைட்னஸை அமைக்க வேண்டும். மற்றொன்றில், வெள்ளைச் சட்டையின் மடிப்பும் பொத்தானும் மறையாதவாறு கான்ட்ராஸ்டை அமைக்க வேண்டும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கான்ட்ராஸ்டை மிகையாக ஏற்றுவோர், மென்மையான கோடுகளை அறியாமலே இழப்பர்.

நிறமே கடினமானது. திரையின் வெண்மைக்கு 6500 கெல்வின் என்று ஓர் அளவு வகுத்துள்ளனர். அது பகலொளியின் வெண்மை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். வெப்பம் ஏற ஏறச் சூளையின் உட்புறம் செந்நிறம் மாறி, மஞ்சளாகி, வெண்மையை நெருங்குகிறது. எந்தச் சூளையும் எட்டாத வெப்பங்களுக்கு அவ்வரிசையை நீட்டிச் சென்றால் பகலின் வெண்மை வரும். அதையும் கடந்தால் நீலம் கலக்கும்.

ஆயினும் நம் கண் நம்பத்தக்க நடுவர் அன்று. மஞ்சள் படிந்த திரையையும் சிறிது நேரத்தில் வெள்ளையென்றே ஏற்றுக்கொள்ளும். தாளை அருகில் வைத்து ஒப்பிடலாமெனில், இன்றைய தாள்கள் பலவற்றில் நீலப் பொலிவூட்டும் பொருள் கலந்துள்ளது. நிறமளக்கும் கருவிகளைச் சரிபார்ப்போர் வெண்பீங்கான் ஓட்டையே சான்றாகக் கொள்வர். அது எளிதில் நிறம் மாறாது. நாமும் விருத்தாசலத்திலிருந்து வெண்மெருகு பூசிய ஓடொன்றை வரவழைத்து, சன்னலோரப் பகலொளியில் திரையருகே வைத்தோம். நம் கண் வெள்ளையென்று கொண்டிருந்த திரை, ஓட்டின் பக்கத்தில் மஞ்சளாய் நின்றது. சிவப்பையும் பச்சையையும் சில படிகள் குறைத்த பின்னரே இரண்டும் ஒத்தன.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். உழைத்துத் தளர்ந்த ஒருவர், முதியோர் உதவித்தொகைக்காக வயதுச் சான்று வேண்டி வந்திருந்தார். தாய்ப்பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து அவரது பதிவின் படம் வந்தது. மை வெளிறிய எழுத்து. 1963 என்றால் உரிய வயது ஆயிற்று. 1968 என்றால் காத்திருக்க வேண்டும். கான்ட்ராஸ்டை ஏற்றி வைத்தால் 3 என்றே தெரியும். சீரமைத்த திரையிலோ, இடப்புறம் மெல்லிய பழுப்புக் கோடு எழுந்து அதை 8 ஆக்கியது. தாய்ப்பங்கிற்கே சென்று மூலப் பதிவேட்டையும், முன்பின் பதிவுகளின் வரிசையையும் பார்த்தோம். எட்டேதான்.

“மூணுன்னு எழுதினா யாருக்குத் தெரியும் சாமி?” என்றார் அவர். வறுமை கேட்ட கேள்வி அது. சினம் கொள்ள இயலவில்லை. அவரை அருகில் அமர்த்திப் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், “கோடு இருக்குது சாமி” என்று மட்டும் சொன்னார். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் அவருக்கு அரிசி தர இசைந்துள்ளனர்.

இரக்கத்திற்கு வழிகள் பல உண்டு. பதிவேட்டின் எண் அவற்றுள் ஒன்றன்று. நாம் காண விரும்புவதையே காட்டும் திரை நமக்கு இனியதாகவே இருக்கும். அதனாலேயே, நம் விருப்பத்துக்கு வளையாத ஒரு வெள்ளை ஓடு அதனருகே இருப்பது நல்லது.