கேள்வித்தாள் திருப்பி அடிக்காது

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவருக்குச் செஸ் மீது தீராத கோபம். "வேர்க்காம விளையாடறதெல்லாம் ஸ்போர்ட்ஸ்னா, ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவனுக்கும் மெடல் குடுங்க சார்" என்பார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கித் தந்தவரும் அவர்தான். ஆனால் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் அரசாங்கத்துக்கு இதில் என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டுக்கே மானுவேல் ஆரோன் செஸ்ஸுக்காக அதைப் பெற்றார். கேல் ரத்னா விருதின் முதல் பெயரே விஸ்வநாதன் ஆனந்த்தான். வெளியேதான் குழப்பம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் உலகச் செஸ் கூட்டமைப்பை அங்கீகரித்தது. ஒலிம்பிக் பந்தியில் மட்டும் இலை போடவில்லை. பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. உடல் உழைப்பு சொல்லும்படி இல்லாததால் வரிவிலக்குக்காக அதை விளையாட்டு என்று ஏற்க முடியாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கம் வைத்தார்கள். 60 வயது பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்காருடன் ஜோடி சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிவந்தார்.

இப்படி ஆளுக்கொன்று சொன்னால் நாமேதான் யோசிக்க வேண்டும். நண்பரின் வேர்வைக் கணக்கிலிருந்தே தொடங்கினேன். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றது ஓடியா, தாவியா? அசையாமல் நின்று. துப்பாக்கி சுடுதல் விளையாட்டில்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லையே என்றேன். "அங்க உடம்பு ஒத்துழைக்கலைன்னா குறி தப்பிடும் சார். செஸ்ல உடம்புக்கு என்ன வேலை?" என்றார். நல்ல கேள்வி.

2021-இல் துபாயில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் ஐந்து ஆட்டங்களும் டிரா. ஆறாவது ஆட்டம் மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டியது. 136 நகர்வுகள், ஏழே முக்கால் மணி நேரம். உலகப் பட்டப் போட்டி வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அது. கார்ல்சன் வென்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அதுவரை சமமாக நின்ற நெப்போம்னியாச்சி எட்டாவது ஆட்டத்தில் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுக்கொடுத்தார். ஒன்பதாவதில் தன் பிஷப் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும் இடத்தில் தானே போய் விழுந்தார். பதினொன்றில் இன்னொரு பெரிய பிழை. போட்டி 7.5-3.5 என்று முடிந்தது. கிளப் ஆட்டக்காரன்கூடப் பார்த்துவிடக்கூடிய பிழைகள் அவை. ஒரு வாரத்தில் அவருடைய செஸ் அறிவு எங்கும் போய்விடவில்லை. களைத்த உடம்பும் விழுந்த அடியும் அந்த அறிவை வேண்டிய நேரத்தில் எடுக்கவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதே சங்கதியைச் சின்ன அளவில் எந்த மாவட்டப் போட்டியிலும் பார்க்கலாம். உறவுக்காரப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போய், கல்யாண மண்டபங்களிலும் பள்ளி ஹால்களிலும் பெற்றோர் கூட்டத்தோடு காத்துக் கிடந்திருக்கிறேன். காலைச் சுற்றுகளில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து யோசிக்கும் குழந்தை, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து நாலாவது சுற்றில் கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஆடுகிறது. ஐந்தாவது சுற்றில் ஜெயிக்கிற ஆட்டத்தில் அவசரப்பட்டுக் குதிரையைத் தொட்டுவிடுகிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கண் கலங்குகிறது, கடிகாரம் நிற்பதில்லை.

உடனே ஒரு மடக்கு வரும்: "பிளஸ் டூ பரீட்சையும் மூணு மணி நேரம், களைப்பும் உண்டு, கடிகாரமும் உண்டு. அதுவும் ஸ்போர்ட்ஸா?" இல்லை. கேள்வித்தாள் திருப்பி அடிக்காது. நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து அது தன் அடுத்த கேள்வியை மாற்றிக்கொள்ளாது. செஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் திட்டத்தைக் குலைப்பதே வேலை. உங்கள் நேரம் குறைவதைக் கவனித்து ஆட்டத்தை வேண்டுமென்றே சிக்கலாக்குவார். பதிலுக்குப் பதில், அந்தந்த நிமிடத்தில், திரும்பப் பெற முடியாதபடி. குத்துச்சண்டையும் டென்னிஸும் இதைத்தான் செய்கின்றன. வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிர் போடும்போது செஸ் வெறும் சிந்தனை. எதிராளி வந்து உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்கியதும் விளையாட்டாகிவிடுகிறது. என் முடிவு இவ்வளவுதான்.

ஆனால் இந்த முடிவைச் சிலர் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். மைதானமே இல்லாத பள்ளிகள் பெருகிவிட்டன. "ஸ்போர்ட்ஸ் இருக்கா?" என்று கேட்டால், மாடியறையில் வரிசையாக விரித்த செஸ் போர்டுகளைக் காட்டுகிறார்கள். பெற்றோருக்கும் திருப்தி: வெயில் இல்லை, முட்டி சிராய்ப்பு இல்லை, கணக்கு மார்க்கும் ஏறும் என்ற நம்பிக்கை வேறு. இங்கே என் நண்பரின் கோபம் நியாயமாகிறது. போட்டி என்ற வகையில் செஸ் விளையாட்டுதான். பிள்ளையின் உடம்புக்குத் தேவையான ஓட்டத்துக்கு அது ஈடாகாது. இவை இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றொன்றுக்கு ஒட்டவைப்பது ஏமாற்று.

உண்மையில் செஸ்ஸை விளையாட்டு என்று சொல்ல என்ன காரணமோ, அதே காரணம்தான் அந்தப் பள்ளிகளுக்கு எதிராகவும் நிற்கிறது. உடம்பு தளர்ந்தால் ஆட்டம் போய்விடும் என்றால், செஸ் ஆடும் பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே மைதானம் வேண்டும். இடமில்லை என்கிற பள்ளி அதை ஒப்புக்கொள்ளட்டும். வாரம் இரண்டு நாள் பக்கத்து மைதானத்துக்காவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். போர்டை விரித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று மட்டும் சொல்லவேண்டாம்.