மலைக்கு ஒரு க்யூ

பனிச்சறுக்கு விளம்பரங்களில் எப்போதும் ஆளே இல்லாத ஒரு வெள்ளைச் சரிவு இருக்கும். அதில் ஒரே ஒருவர் பனித்தூள் பறக்க இறங்கி வருவார். கொலராடோவில் ஏழு பனிக்காலங்களைப் பார்த்துவிட்ட எனக்கு அந்தப் படத்தில் இல்லாத ஒன்று உடனே தெரியும்: க்யூ. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு டென்வரைவிட்டுக் கிளம்பினாலும், ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஐ-70 நெடுஞ்சாலை முழுக்க சிவப்பு விளக்குகள்தான். அப்புறம் பார்க்கிங்குக்கு ஒரு வரிசை, லிஃப்டுக்கு ஒரு வரிசை, மதியம் ஒரு கிண்ணம் சூப்புக்கு இன்னொரு வரிசை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏம்ப்பா, கீழ விழறதுக்குக் காசும் குடுத்து, அதுக்கு வரிசைல வேற நிக்கிறியா?" என்றாள்.

நான் கரூர்க்காரன். பனியை முதலில் தொட்டதே இருபத்தெட்டு வயதில். முன்முனைகளைச் சேர்த்து வேகம் குறைப்பதற்கு இங்கே 'பிட்சா' என்று பெயர். ஆறு வயதுக் குழந்தைகள் பக்கத்தில் சர்ரென்று போக, நான் பிட்சா பிட்சா என்று முனகிக்கொண்டே இறங்கினேன். அன்று சாயங்காலமே அடுத்த வாரத்துக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். உடம்பு அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் அறிந்ததில்லை.

என்னைப் போன்றவர்கள் மலையேறியதற்கு ஒரு வியாபார முடிவு காரணம். 2008-இல் வெய்ல் ரிசார்ட்ஸ் 'எபிக் பாஸ்' என்ற ஒன்றை 579 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் என்று பல மலைகளில் சீசன் முழுக்க எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம். 2018-இல் போட்டிக்கு ஆல்டெரா நிறுவனத்தின் 'ஐகான் பாஸ்' வந்தது. கணக்கு எளிமையானது. பாஸை பனி விழும் முன்பே விற்றுவிட வேண்டும். அந்த வருடம் பனி பெய்யுமா பெய்யாதா என்ற கவலை நிறுவனத்தின் தலையிலிருந்து நம் தலைக்கு மாறிவிடுகிறது. கூடவே, ஒருநாள் டிக்கெட்டின் விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டமான நாட்களில் வெய்லில் அது 300 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த விலையைப் பார்த்த யாரும் பேசாமல் பாஸே வாங்கிவிடுவார்கள். வாங்கியவர்கள் போட்ட காசை எடுக்கவாவது திரும்பத் திரும்ப வருவார்கள்.

இன்னொரு பக்கம் மலைகள் குறைந்துகொண்டே வந்தன. 1980-களில் அமெரிக்காவில் 700-க்கும் மேற்பட்ட சறுக்குத் தலங்கள் இருந்தன. இன்று 500-க்கும் குறைவு. 2022-23 சீசனில் வருகைகளின் எண்ணிக்கை 6.54 கோடி, அதுவரை இல்லாத உச்சம். கூட்டத்துக்கு நிறுவனங்கள் சொல்லும் மருந்து வேகமான லிஃப்ட். வரிசை சுருங்குவது உண்மைதான். ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இப்போது சரிவில் இருக்கிறார்கள். முன்பு காத்திருந்து களைத்தோம், இப்போது மோதிக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைக்கிறோம். 2021-இல் பவுடர் என்ற நிறுவனம், காப்பர் உள்ளிட்ட தன் மலைகளில் கூடுதல் காசு கொடுத்தால் தனி வரிசை என்று அறிவித்தது. உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். எனக்கு திருப்பதி 300 ரூபாய் டிக்கெட்தான் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேன், ஆனால் வயிற்றில் ஏதோ செய்தது. சாமிக்கு அடுத்து மலைக்கும் வந்துவிட்டார்களே.

ஒருமுறை லிஃப்டில் பக்கத்தில் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும், கையுறையில் ஒட்டுப் போட்டிருந்தார். "எழுபதுகள்ல இங்க எல்லாரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். இப்ப யாரு யாரோ வர்றாங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தவர், கொஞ்சம் சங்கடப்பட்டு, "உன்னைச் சொல்லல தம்பி" என்கிற தொனியில் ஏதோ முணுமுணுத்தார். கோபம் வரவில்லை. அவர் இழந்தது உண்மையானது. ஆனால் அந்த 'யாரு யாரோ'வில் நானும் உண்டு. மலிவான பாஸ் இல்லையென்றால் அந்த நாற்காலியில் எனக்கு இடமே இருந்திருக்காது. அவருடைய காலியான மலை அழகானதுதான். அதில் என்னைப் போல் எத்தனை பேர் இருந்திருப்போம்?

கூட்டத்தைத் திட்டுவது சுலபம், கூட்டத்துக்கு முகம் இருக்கிறது. முதலாளிக்கு இல்லை. வெய்ல் ரிசார்ட்ஸ் 1997-இலிருந்து பங்குச்சந்தையில் இருக்கிறது. எத்தனை பாஸ் விற்பது, மலையில் வேலை செய்பவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் மலையில் தீர்மானமாவதில்லை. அது எனக்கு உறைத்தது யூட்டாவின் பார்க் சிட்டியில். 2024 டிசம்பர் 27-ஆம் தேதி, விடுமுறைக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, அங்கே மீட்புப் பணியாளர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். விடிவதற்கு முன் வெடிவைத்துப் பனிச்சரிவு அபாயத்தை நீக்குபவர்கள், கால் உடைந்தால் ஸ்லெட்ஜில் கட்டிக் கீழே இறக்குபவர்கள். கேட்டது, ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக்க வேண்டும் என்பது. ஆட்கள் இல்லாமல் மலையின் பெரும்பகுதி மூடிக்கிடக்க, திறந்திருந்த சில லிஃப்டுகளின் முன்னால் ஜனம் மணிக்கணக்கில் நின்றது. ஜனவரி 8-இல் உடன்பாடு வந்தது. க்யூவில் நின்றவர்களில் சிலர் நிர்வாகத்தைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள் என்று படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. ஒருவழியாக, முன்னால் நிற்பவன்மேல் இருந்த கோபம் இடம் மாறியிருந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அராபஹோ பேசின், பார்க்கிங் தாங்கவில்லை என்று 2019-இல் எபிக் பாஸிலிருந்து வெளியேறியது. எத்தனை டிக்கெட் விற்பது என்பதற்கும் வரம்பு வைத்தது. அதுவரை யாரும் 'போதும்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 2024-இல் அந்த மலையையும் ஆல்டெரா வாங்கிவிட்டது. வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென் என்ற சின்ன மலை மட்டும் 1995-இலிருந்து அங்கே சறுக்குகிறவர்களின் கூட்டுறவாகவே நடக்கிறது. ஒருவர் மட்டும் உட்காரும் பழைய லிஃப்ட், வரிசை மெதுவாகத்தான் நகரும். ஆனால் எவ்வளவு மெதுவாக என்பதை அவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள்.

வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர், அராபஹோ பேசின் எல்லாமே ஒயிட் ரிவர் தேசிய வனத்துக்குள் இருக்கின்றன. நிலம் பொதுச்சொத்து, நிறுவனங்கள் அனுமதி வாங்கி நடத்துகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கேள்வி மாறிவிட்டது. இவ்வளவு பேர் ஏன் வருகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, வரத்தான் செய்வார்கள், நானே வந்தவன்தான். எத்தனை பேர் வரலாம், என்ன விலைக்கு, மலையைக் காப்பவனுக்கு என்ன கூலி என்று தீர்மானிக்கும் மேசையில் அந்தப் பெரியவருக்கும் எனக்கும் ஏன் நாற்காலி இல்லை என்று கேட்கிறேன். லிஃப்டில் மட்டும்தான் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள்.