கீச்சிட்ட இடுப்பு!

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம். என் தம்பி பைக்கோடு மீடியனில் மோதி விழுந்தான். தலைக்கு ஹெல்மெட் இருந்தது. இடுப்புக்கு யார் ஸார் ஹெல்மெட் போடுகிறார்கள்?

முதல் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கி, ஒரு சீட்டில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தார். எனக்கு அது 'ஜட்ஜ் வியூ' என்று பட்டது. போலீஸ், கேஸ், கோர்ட் என்று வயிற்றில் புளி கரைய, எக்ஸ்ரே அறைக்காரரிடம் ஓடினேன்.

"ஜட்ஜ் இல்ல ஸார், ஜுடே! யாரோ பிரெஞ்சுக்காரராம்" என்றவர், தம்பியை அந்தப் பக்கம் 45 டிகிரி, இந்தப் பக்கம் 45 டிகிரி சாய்த்துப் படம் எடுத்தார். அவன் போட்ட அலறலில் வராந்தாவில் தூங்கிய வாட்ச்மேன் எழுந்துவிட்டார்.

யார் இந்த மகானுபாவர்? ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் தூக்கம் வராமல் செல்போனில் தேடிப் படித்தேன்.

ரொபேர் ஜுடே, 1909-ல் பிறந்தவர். பாரிஸில் எலும்பு சர்ஜன். அப்பாவும் சர்ஜன், அண்ணன் ஜானும் சர்ஜன். அண்ணன் தம்பி இருவருமாக 1946-ல் ஒரு காரியம் செய்தார்கள். தொடை எலும்பின் தேய்ந்துபோன உருண்டையை அறுத்துவிட்டு, காம்பு வைத்த அக்ரிலிக் உருண்டையைப் பொருத்தினார்கள். யுத்த விமானங்களுக்குக் கண்ணாடி மாதிரி போட்டார்களே, அதே பிளாஸ்டிக்! வருஷக்கணக்கில் நொண்டியவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். வெளிநாட்டு டாக்டர்களும் ஆசையாகப் பின்பற்றினார்கள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. உருண்டை தேய்ந்தது, காம்பு உடைந்தது. சிலருக்குச் சத்தமும் வந்தது. இங்கிலாந்தில் ஒருத்தர் சாப்பாட்டு மேஜையில் எதையாவது எடுக்கக் குனிந்தால் இடுப்பில் 'கீச்'! சம்சாரம் எழுந்து போய்விடுவாராம். இந்தக் கதை ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய சர்ஜன் காதுக்குப் போயிற்று. கடவுள் கொடுத்த மூட்டு வழுக்குகிறது, இது ஏன் கிறீச்சிடுகிறது என்று குடைய ஆரம்பித்தவர், 1962-ல் உலோக உருண்டை, பாலிதீன் கிண்ணம் என்று வழி கண்டுபிடித்தார். அதை எலும்பில் ஒட்ட வைத்த சிமென்ட் எது தெரியுமோ? அதே அக்ரிலிக்!

நானாக இருந்தால் அந்த மானக்கேட்டுக்கு வி.ஆர்.எஸ். வாங்கியிருப்பேன். ஜுடே அடுத்து, உருண்டை உட்காரும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். அது உடைந்தால் அன்றைக்கு வைத்தியம் பெரும்பாலும், காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுக்கப் போடுவதுதான். நேராக எடுத்த படத்தில் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது உடைந்தது என்றே புரியாது. சாய்த்து எடுத்தால் தனித்தனியாகத் தெரியும். சிஷ்யர் எமீல் லெதூர்னெலோடு சேர்ந்து, எந்த உடைசலை எந்தப் பக்கமாகத் திறந்து சரி செய்வது என்று 1964-ல் வகைபிரித்து எழுதினார். 1980-ல் காலமானார்.

காலையில் டாக்டர் அந்தச் சாய்ந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பின்சுவரில் பெயர்ந்திருந்த துண்டைக் காட்டினார். "ஆபரேஷன்தான். பிளேட் வைக்கணும். பின்னாடி மூட்டு தேஞ்சா மாத்த வேண்டியும் வரலாம். சம்மதமா?"

அவனுக்கு இருபத்தாறு வயது. பேனாவைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் போட்டேன் கையெழுத்து.

நாலாம் மாதம் வீட்டில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தானாக எழுந்தான்.

'கீச்!'

எனக்கு உயிரே போய்விட்டது. "டேய், இடுப்பா?"

"நாற்காலிடா அண்ணா" என்றான்.