டெட்ராய்ட் கொட்டகையில் ஒரு டர்போ எஞ்சின்

டெட்ராய்ட் நகரத்துக்கும் வீட்டுக் கொட்டகையில் எஞ்சின் கட்டும் வழக்கத்துக்கும் உள்ள உறவு, அந்நகரத்தின் பெரிய தொழிற்சாலைகளைவிட வயதில் மூத்தது. 1893-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மின்சாரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவந்த ஹென்றி ஃபோர்டு, தம் கையால் செய்த சிறிய எஞ்சினைச் சமையலறைத் தொட்டியோடு சேர்த்து இறுக்கி, மனைவி கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட, அதை ஓட வைத்தார். 1896 ஜூன் மாதத்தில், பாக்லி அவென்யூ வீட்டின் பின்புறக் கொட்டகையில் தம் முதல் வண்டியைக் கட்டி முடித்தபின், வாசல் அதற்குப் போதாதென்று கண்டு, கோடரியால் செங்கற்சுவரை இடித்து அதை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கொட்டகையின் மாதிரி டியர்போர்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்னும் காட்சிசாலையில் இருக்கிறது. அதைப் பார்த்துத் திரும்பிய எனக்கு, அந்த வழக்கம் இன்னும் உயிரோடு நடமாடுகிற கொட்டகை ஒன்றையும் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை எழுந்தது; புறநகரில் நான் தங்கியிருந்த தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே அது நிறைவேறியது.

அந்த வீட்டுக்காரர், கார்த் தொழிற்சாலைகளுக்கு அச்சுகளும் கருவிகளும் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். இரண்டு கார் நிற்கக்கூடிய அவருடைய கொட்டகையில் ஓடுகிற கார் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம், முன்மூடி கழற்றப்பட்டு, எஞ்சின் இருக்கவேண்டிய இடம் வெறும் பள்ளமாக, 1990-களின் தொடக்கத்தில் வந்த நிஸ்ஸான் 240 எஸ்.எக்ஸ். ஒன்று முட்டுகளின்மேல் நின்றது. மறுபக்கம் மேஜையும், சுவர் நிறைய ஸ்பேனர்களும், சுழலும் ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டிய எஞ்சின் பிளாக்கும் இருந்தன. பொறியியல் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் வாரக் கடைசியில் வந்து கூட வேலை செய்வாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, இருவரும் மணிக்கணக்கில் பத்து வார்த்தைகூடப் பேசாமல் வேலை செய்வதைப் பார்த்திருப்பது எனக்கு அலுக்கவேயில்லை.

அந்தக் காரின் சரித்திரம் சற்று விநோதமானது. ஜப்பானில் சில்வியா என்ற பெயரில் விற்ற இதே வண்டிக்கு, 1991 முதல் எஸ்.ஆர்.20 டி.இ.டி. என்னும் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினைக் கொடுத்த கம்பெனி, அமெரிக்கர்களுக்கு மட்டும், தன் பிக்கப் வண்டிகளில் பூட்டிய எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 2.4 லிட்டர் எஞ்சினை, டர்போ இல்லாமல் வைத்து அனுப்பியது. உடல் நளினம், பின்சக்கர ஓட்டம், சமநிலை எல்லாம் இருந்தும் உயிர்மட்டும் போதாத வண்டி என்று அதன் அபிமானிகள் குறைப்பட்டார்கள். இந்தக் குறையை நிவர்த்தி செய்ய வழி ஜப்பானிலிருந்தே வந்தது. அந்நாட்டில் தனியார் கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கொருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனைக்குச் செலவு மிகுதியாகையால், நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் சீக்கிரமே கழித்துவிடுகிறார்கள். அவற்றின் எஞ்சின்கள் மரச்சட்டத்தில் கட்டப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. அப்படி வந்த ஒன்றை வாங்கிய நம் நண்பர், பலரும் செய்வதுபோல் அப்படியே காரில் பூட்டிவிடாமல், கடைசித் திருகாணிவரை பிரித்துப் போட்டுவிட்டார். “முப்பது வருஷம் யார் கையில் எப்படி இருந்ததோ! உள்ளே இருப்பதை என் கண்ணால் பார்க்காமல் ஓட்டமாட்டேன்” என்பது அவர் கட்சி.

டர்போவின் தத்துவம் எளியது. எஞ்சின் வெளியே தள்ளும் புகை, தன் உஷ்ணமும் வேகமும் வீணாகாதபடி ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், சக்தி பெருகும். ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஹி இதற்கு 1905-இலேயே காப்புரிமை பெற்றார். 1918-இல் ஸான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கர், கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், 14,000 அடி உயரத்தின் மெல்லிய காற்றில், விமான எஞ்சினொன்றைக் கொண்டு இதன் பலனைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். காருக்கு வந்தபோதுதான் சங்கடம். இதே மிஷிகன் மாநிலத்தின் லான்சிங் நகரத்துக் கம்பெனியான ஓல்ட்ஸ்மொபீல், 1962-இல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டு, அதன் எஞ்சின் உஷ்ணம் தாளாமல், பெட்ரோல் தானாகவே வெடித்து ‘நாக்’ அடிக்காதிருக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியிலிருந்து ஊட்டும் ஏற்பாட்டையும் செய்திருந்தது. வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் கார் நின்றுபோயிற்று. சக்தியைக் கூட்டுவதில் அன்றைக்கும் சிரமம் இருக்கவில்லை, கூட்டிய சக்தியைத் தாங்கச் செய்வதுதான் தொழில் என்பதை நண்பரின் கொட்டகையில் ஒவ்வொரு காரியத்திலும் கண்டேன்.

வீட்டில் கட்டும் எஞ்சின் என்று சொல்கிறோமே தவிர, முழுவதையும் வீட்டில் செய்துவிட முடியாது. பிளாக்கைப் போர் செய்ய, அதாவது சிலிண்டர்களைக் குடைந்து அகலமாக்க, ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த கிழவர், தொழிலில் நண்பருக்கும் மூத்தவர், வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கும் முன்பே பிளாக்கை விரலால் தடவிப் பார்த்தார். கம்பெனியில் 86 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டரை 86.5-ஆக்கவேண்டும், அதற்குமுன் பிளாக்கின்மேல், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் உட்காரும் இடத்தில், கனமான இரும்புப் பலகை ஒன்றை ஹெட்டுக்குரிய அதே இறுக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். போல்ட்டின் இழுப்பில் சிலிண்டரின் வட்டம் தலைமயிரளவுக்கும் குறைவாகக் கோணுகிறது. ஆகையால் கோணிய நிலையில் வைத்தே அதை வட்டமாக்கினால்தான், பிற்பாடு ஹெட்டைப் பூட்டும்போதும் அது வட்டமாக இருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பலகையா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பிஸ்டனைச் சுற்றிய ரிங் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதும் கசியவிடுவதும் அந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது. சிலிண்டரைத் தேய்க்கும் ஹோனிங் கற்கள் மேலும் கீழும் சுழன்று, சிலிண்டரின் சுவரில் எண்ணெய் தங்குவதற்கான குறுக்குக் கீறல்களை விழுத்தியபோது, கிழவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. ஓசையைக் கேட்டே நிறுத்தினார்.

வீடு திரும்பியதும் முதல் வேலை, குளிப்பாட்டல். பட்டறையில் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். இருந்தும் தந்தையும் மகளும் வெந்நீரும் சோப்பும் தூரிகையுமாகப் பிளாக்கைத் தேய்த்தார்கள், எண்ணெய் ஓடும் துவாரங்களில் மெல்லிய பிரஷ்களைச் செலுத்தினார்கள். பிறகு, எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டர்களைத் துடைக்கத் தொடங்கினார்கள். துணி சாம்பல் நிறமாக வந்தது, வேறு துணி, மறுபடியும் சாம்பல். கண்ணுக்குச் சுத்தமாய்த் தோன்றும் சுவரிலிருந்து ஹோனிங் கல்லின் தூள் வந்துகொண்டேயிருந்தது. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரையில் அவர்கள் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த அநேகம் பேர் மூன்றாவது துணியிலேயே நிறுத்தியிருப்பார்கள், நானும் அவர்களில் ஒருவன்.

ரிங்குகளை அரம்போட்ட நாளே என் மனத்தில் விசேஷமாகப் பதிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் முழு வட்டமன்று; ஓரிடத்தில் அறுபட்டிருக்கும். உஷ்ணத்தில் நீளும்போது அந்த இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டினால், போக இடமின்றி ரிங் நொறுங்கும், பிஸ்டனின் விளிம்பையும் உடன் பெயர்க்கும். டர்போ எஞ்சினில் உஷ்ணம் அதிகமாதலால் இடைவெளியும் அதிகமாக வேண்டும். மகள் ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, அது சாயாமல் சமமாக உட்காரும்படி பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தாள். வேண்டியது 17 தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு, இருந்தது 14. ரிங்கை வெளியே எடுத்து, கைப்பிடி வைத்த சிறிய அரைக்கும் சக்கரத்தில் ஒரு முனையை மட்டும் மூன்று சுற்றுத் தேய்த்து, பிசிறை எண்ணெய்க் கல்லில் தடவி நீக்கி, மறுபடி உள்ளே இட்டு அளந்தாள்: 15. மீண்டும் இரண்டு சுற்று. பதினாறரை. இங்கே தந்தை தலையிட்டு, “இனி அரைச் சுற்றாகப் போ, எடுத்த இரும்பை ஒட்டவைக்க முடியாது” என்றார். “தெரியும் அப்பா” என்று அவள் சலித்துக்கொண்டாலும், அரைச் சுற்றுத்தான் சுற்றினாள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய ரிங்குகள் எண்ணிட்ட தனித்தனிக் காகித உறைகளில் போயின. ஒன்றின் ரிங் மற்றொன்றுக்கு ஆகாது.

கிராங்க் ஷாப்ட்டின் பேரிங் இடைவெளிகளை அவர் மைக்ரோமீட்டராலும் போர் கேஜாலும் அளந்தார். அளந்தபின், தம் அளவிலேயே நம்பிக்கை இல்லாதவர்போல, மெழுகு இழை போன்ற பிளாஸ்டிகேஜை வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தைக் கொண்டு மகளைத் தனியாகக் கணக்கிடச் சொன்னார். இருவர் கணக்கும் ஒத்துப்போன பிறகே நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் செலவுக் கணக்கும் இருந்தது. அதைக் கூட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் ஒரு விரதமாகவே வைத்திருந்தார். அந்தப் பணத்துக்கு இதைவிட வேகமான கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, வாங்கலாம்தான் என்று தடையின்றி ஒப்புக்கொண்டு, அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டார். சிக்கனத்தைக் கொண்டு இந்தக் கலையை ஆதரித்துப் பேசுவது வீண் என்பதே என் அபிப்பிராயம்.

ஹெட்டில் ஒரு பலவீனம் உண்டு. இந்த எஞ்சினில் வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்கள் தண்டு எதிலும் கோக்கப்படாமல், வெறுமனே அமர்ந்திருக்கின்றன. கியரைத் தப்பாகப் போட்டு எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்றால், ஒன்று இடம்விட்டுப் பறந்துவிடும். அதற்குத் தடுப்புகள் விற்கிறார்கள், அவரும் வாங்கிப் போட்டார். எனினும், நிமிஷத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் விடப்போவதில்லை என்றார். 300 குதிரைசக்திக்கு அது தாராளமாகப் போதும்.

டர்போவை அவர் என் கையில் கொடுத்தார். தேங்காய் அளவுள்ள பொருள். விரலால் தொட்டதும் சக்கரம் சத்தமின்றிச் சுழன்றது. ஓடும்போது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு, எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது. அதிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாய்க்காக இருவருக்கும் பெரிய விவாதம் நடந்தது. அழுத்தத்தோடு ஏறுகிற எண்ணெய், இறங்கும்போது தன் பாரத்தாலேயே இறங்கவேண்டுமாதலால், குழாயில் ஒரு வளைவு மேல்நோக்கி இருந்தாலும் எண்ணெய் தேங்கி, டர்போவின் தடுப்பு வளையத்தைத் தாண்டிப் புகையாக வெளிவரும். மகள் சொன்ன வளைவே சரி என்று முடிவாயிற்று; அவர் செய்து வைத்திருந்த குழாய் பழைய இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. வயரிங் முழுவதும் அவள் பொறுப்பு. எஞ்சினை விற்றவர்கள் வயர்க் கட்டை நடுவில் வெட்டி அனுப்பியிருந்ததால், படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராக அவள் அடையாளம் கண்டாள்; அதை நான் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்கவில்லை.

காரில் ஏற்றுமுன் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் இல்லாமல், ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, எண்ணெய் எல்லா மூலைக்கும் போய் அழுத்தமானியின் முள் ஏறும்வரை காத்திருந்தார்கள். பிறகு பிளக்குகளைப் பூட்டி, கதவைத் திறந்துவிட்டு, தீயணைப்பு உருளையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த பிஸ்டன்கள் சற்றே தட்டின, ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டன் உஷ்ணத்தில் அதிகம் விரிவதால் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள், சூடேறினால் தட்டல் அடங்கும் என்றார், அடங்கியது. சில நிமிஷங்களிலேயே நிறுத்திவிட்டார். பாரம் இல்லாமல் ஓடினால் ரிங்குகள் சிலிண்டரில் பதியாது, சுவர் மழுங்கிவிடும். ஆகவே கசிவும் எண்ணெய் அழுத்தமும் பார்ப்பதற்கு மேல் சட்டத்தில் ஓட்டக்கூடாது, மீதி எல்லாம் சாலையில் என்பது அவர் நியதி.

எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, உள்ளேயிருந்த காகித மடிப்புகளை மேஜையில் நீளமாக விரித்தார். மகள் விளக்கைப் பிடித்தாள். மை போன்ற இரும்புத் தூள் கொஞ்சம் இருந்தது, காந்தம் அதை எடுத்துக்கொண்டது. புது ரிங்குகளிலிருந்து வருவதுதான். பேரிங்கிலிருந்து வரக்கூடிய மினுக்கம் எதுவும் இல்லை. நோட்டில் அதையும் குறித்துவிட்டு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தொங்கவிட்டு இறக்கவேண்டும், வால்பக்கத்தைத் தாங்க மூன்றாவது ஆள் ஒருவர் தேவை, சனிக்கிழமை காலையில் வரமுடியுமா என்று என்னைக் கேட்டார். வருவதாகச் சொன்னேன், பழைய கையுறை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.